தலைப்பிறைக்கு ஒரு சொட்டு மருந்து

என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைத்துப் பேச எனக்கு வராது. மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் யார் முதலில் மாடி கட்டினார்கள், யார் முதலில் துபாய்க்குப் போனார்கள் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு கதை சொல்வார்கள். தலைப்பிறையை முதலில் பார்ப்பது எந்த வீடு என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே வீட்டைத்தான் சொல்வார்கள். தையல்கார வீட்டு மாடி. அந்தத் தையல்காரி நான்தான்.

ரமலானின் இருபத்தொன்பதாவது நோன்பைத் திறந்த கையோடு ஊரே மேற்கே பார்த்து நிற்கும். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே நான் படியேறிவிடுவேன். மலை மேலே சிவப்பு வடிகிற இடத்தில், நகக்கீற்று அளவுக்குத்தான் இருக்கும். மற்றவர்கள் எங்கே எங்கே என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது நான் கையை நீட்டிவிடுவேன். என் விரல் போகும் திசையில் எல்லா மாடியும் திரும்பும். பள்ளிவாசலுக்கு ஆள் ஓடும். என் வீட்டுக்காரர் இருந்தவரை, "எங்க வீட்டுல தொலைநோக்கி வாங்க வேண்டாம், கட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்று தன் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்ட என் கண் போன வருஷம் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

அன்றைக்கும் வழக்கம்போல் கையை நீட்டினேன். பிறை எனக்குத் தெரிந்தது. ஒன்று இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. எனக்கே கொஞ்சம் இடித்தது. ஆனால் கை நீண்டுவிட்டது, வாயும் கத்திவிட்டது. பக்கத்து மாடியில் இரண்டு பெண்கள் "ஆமா, நாங்களும் பாத்தோம்" என்றார்கள். நான் சொன்னதால் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆள் ஓடியது. பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் கேள்விமேல் கேள்வி கேட்டு, எந்த இடம், எந்தத் திசை என்று விசாரித்து, கடைசியில் நான் காட்டியது கைபேசிக் கோபுரத்து விளக்கு என்று கண்டுபிடித்து, வந்தவனை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். மறுநாளும் நோன்பு.

சுவரை ஒட்டிய அடுத்த வீடு என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரரின் தங்கை. சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மதினி கண்ணுக்கு ஒரு பிறை காணாது, ரெண்டு கேக்குது" என்று ஒரு வார்த்தை விட்டாள். அது போதும். தெரு முழுக்க என் வீட்டுக்கு ரெட்டைப்பிறை வீடு என்று பெயர் வந்துவிட்டது. ஊறுகாய் கேட்டு வருகிற பிள்ளைகூட அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாத்தனாரோடு ஒரு வாரம் பேசவில்லை. அவளோ அதைக் கவனிக்கவே இல்லை. தினமும் வந்து அவள் பாட்டுக்குப் பேசிவிட்டுப் போனாள்.

ஆத்திரம் அடங்கியதும் வண்ணார்பேட்டைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். ஒன்று இரண்டாகத் தெரிந்ததற்கும் அதுதான் காரணம் என்றார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு கண், அது ஆறிய பிறகு இன்னொரு கண். என் மகன் துபாயில் இருக்கிறான், மருமகளும் பிள்ளையும் அவனோடு அங்கேதான். அவனுக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. ஆப்பரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போனதும், பச்சைத் துணி கட்டி உட்கார வைத்துக் கூட்டி வந்ததும், வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டதும் அதே நாத்தனார்தான். எனக்கு நானே விட்டால் மருந்து மூக்கில் போகும், காதில் போகும், கண்ணில் மட்டும் போகாது. "கண்ணைத் தொறங்க மதினி, கொழுக்கட்டையை விழுங்குத மாதிரி மூடிக்கிட்டே இருக்கிய" என்று திட்டிக்கொண்டே விடுவாள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு எதிர்ச் சுவரில் இருந்த பல்லியின் விரலை எண்ணினேன். வெள்ளை என்று நான் நினைத்திருந்த சுவர் மஞ்சளாக இருந்தது. நாத்தனாருக்கு முகத்தில் இத்தனை சுருக்கம் விழுந்திருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளிடம் சொன்னேன். "அதுக்குத்தான் உங்களுக்கு ஆப்பரேசன் வேண்டாம்னு பாத்தேன்" என்றாள்.

அடுத்த ரமலானுக்கு யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஆனால் சில வாரத்தில் கண் உறுத்த ஆரம்பித்தது. ராதாபுரம் பக்கம் காற்றுக் காலத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் போனால் கண்ணில் மண் அடிக்குமே, அந்த உறுத்தல். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே அப்படி இருந்தது. காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருந்தது. தையல் மிஷினில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ஊசிமுனை மங்கியது. கூடவே கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. கல்யாண வீட்டுக்குப் போனால் "ஏன் அழுதிய?" என்றார்கள். துணி எடுக்க டவுணுக்குப் போனால் கடைக்கார அண்ணாச்சி, "என்னம்மா, வீட்டுல எதுவும் கெட்ட சேதியா?" என்று பாதி விலைக்குக் கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். நான் அழுகிறவள் இல்லை. என் வீட்டுக்காரரை எடுத்துப் போனபோதுகூட கூட்டத்துக்கு முன்னால் அழாதவள். என்னைப் பார்த்துப் போகிறவன் வருகிறவன் எல்லாம் பாவம் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை.

உம்ராவுக்கு மக்கா போன யாரோ கொண்டுவந்த சுருமா மையை நாத்தனார் எடுத்துக்கொண்டு வந்தாள். "இதை இழுத்துவிடுங்க, கண்ணு குளுந்துரும்." இழுத்துவிடத்தான் இருந்தேன். ஆப்பரேசன் செய்த கண் ஆயிற்றே என்று கடைசி நேரத்தில் கை நின்றது. மறுநாளே டாக்டரிடம் போய்விட்டேன்.

டாக்டர் பெண்தான். கடற்கரைக்காரி, கிறிஸ்தவள். அப்பா விசைப்படகு வைத்திருந்தவராம். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். மஞ்சள் சாயம் தொட்ட ஒரு சின்னக் காகிதத்தை இமைக்குள் ஒற்றி, நீல விளக்கில் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"லென்ஸ் தங்கமா உக்காந்திருக்கு. கண்ணுதான் காயுது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இந்தா பாருங்க, முந்தானை நனைஞ்சு போயிருக்கு. ஊத்துத கண்ணைப் பாத்துக் காயுதுங்கிய."

"யம்மா, தாமிரபரணியில வெள்ளம் போகும். ஆனா மடை உடைஞ்சிருந்தா வயல்ல தண்ணி நிக்குமா? கண்ணு மேல எப்பவும் மெல்லிசா ஒரு ஈரம் படிஞ்சு நிக்கணும். அதுல கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் உண்டு, அதான் ஈரத்தைக் காயாம காக்கும். உங்களுக்கு அது நிக்கல. காயுது, உறுத்துது, உறுத்துனதும் வெள்ளமா ஊத்துது. அந்தத் தண்ணி கன்னத்துக்குத்தான் போகும், கண்ணுக்கு உதவாது."

"அப்ப இது அழுகை இல்லல்லா?"

"இல்ல. அழுகை வேற, இது வேற."

எனக்கு அதுவே பாதி மருந்தாக இருந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "அழல, கண்ணு காயுது" என்று வெட்டிச் சொன்னேன். அவர்கள் நம்பாமல் இன்னும் அதிகமாகப் பாவம் பார்த்தார்கள்.

புரை எடுத்த பிறகு சில பேருக்குக் கொஞ்ச மாசம் இப்படி இருக்கும் என்றாள் டாக்டர். எனக்கு முன்னாலேயே கொஞ்சம் இருந்திருக்க வேண்டும், மிஷினில் உட்கார்ந்து இமைக்காமல் தைத்தே வந்திருக்கும் என்றாள். அது நிஜம். பர்தாவுக்கு ஓரத்தில் கல் வைக்கும்போது நான் மூச்சுவிடுவதையே மறப்பேன், இமைப்பதை எங்கே நினைப்பது? ஒரு தடவை மட்டும் உடைத்து விட்டுவிட்டு எறிகிற சின்னச் சின்னக் குப்பியில் கண்ணீர் மருந்து எழுதிக் கொடுத்தாள். காலையிலும் மாலையிலும் சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மூடிய இமைமேல் வைத்து, இமை ஓரத்தைப் பைய நீவிவிடச் சொன்னாள். மின்விசிறிக்கு நேராகப் படுக்கக் கூடாது. பைக்கில் போனால் கண்ணாடி. ஆப்பரேசனுக்குப் பிறகு கொடுத்த பழைய மருந்து மிச்சம் இருந்தால் தொடவே கூடாது. சுருமாவா, இப்போதைக்கு வேண்டாம்.

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். "எதையாவது பாக்கும்போது மங்கலாவோ ரெண்டாவோ தெரிஞ்சா பயப்படாதிய. நல்லா இறுக்கி மூடிட்டு, பைய தொறங்க. மாறிச்சுன்னா அது ஈரத்தோட கோளாறு. மாறலைன்னா நீங்க பாக்குத பொருளே அப்படித்தான்."

இதை நான் நன்றாக மனசில் போட்டுவைத்தேன்.

அவள் சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். மிஷினுக்கு மேலே ஒரு துண்டுத் துணியில் சிவப்பு நூலால் "இமை" என்று தைத்து ஒட்டிவைத்தேன். தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அது ஏதோ புது மாடல் என்று நினைத்து விலை கேட்டார்கள். மாசம் ஒன்று போனதும் உறுத்தல் அடங்கிக்கொண்டு வந்தது. ஊசிக்காதில் நூல் ஒரே தடவையில் ஏறியது. நாத்தனார் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே அவள் முன்னால் கோத்தேன்.

அப்புறம் நோன்பு பிறந்தது. அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

முதல் நோன்பன்று பகலில் மருந்து விட்டேன். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் லேசாகக் கசந்தது. கண்ணுக்கும் தொண்டைக்கும் வழி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதறிப் போனேன். தொண்டையில் ருசி இறங்கினால் நோன்பு என்ன ஆவது? யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், எனக்குத் தெரியாதா என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு ஒரு சொட்டு, நோன்பு திறந்தபின் ஒரு சொட்டு. பகலெல்லாம் கண் அடுப்பாகக் காய்ந்தது. வெயில் வேறு. தண்ணீர் குடிக்காத உடம்பு. பொறுத்துக்கொண்டால் நன்மை கூடத்தானே கிடைக்கும் என்று அதிலும் ஒரு பெருமை. அந்தப் பெருமையோடு ஒரு வாரத்தில் கண் சிவந்து, ஊசி மறுபடி இரண்டாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் மகன் வந்தான். லீவு கிடைத்திருந்தது. என் கண்ணைப் பார்க்கத்தான் வந்தான். பல வருஷமாக எங்கள் வீட்டுப் பெருநாளைப் போனில்தான் பார்த்தவன். இந்தத் தடவை பெருநாள் சோறு தின்றுவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டே பெட்டியை இறக்கினான். கம்பெனி போட்டுக் கொடுத்த டிக்கெட்டைப் பார்த்தேன். நாள் கணக்கு இடித்தது. இருபத்தொன்பது நோன்போடு பிறை தெரிந்துவிட்டால், மறுநாள் பெருநாள் தொழுது, என் கையால் பிரியாணி தின்று, மாலையில் திருவனந்தபுரத்துக்குக் கார் ஏறலாம். முப்பது நோன்பு ஆகிவிட்டால், கடைசி நோன்பு திறந்ததும் கார் ஏறிவிட வேண்டும். பெருநாள் விடியும்போது அவன் விமானத்தில் இருப்பான்.

"டிக்கெட்டை மாத்த முடியாதாலே?"

"மாத்துனா வேலையையும் மாத்தணும் உம்மா."

என் கண்ணைப் பார்த்ததும் பைக்கை எடுத்தான். பிடிவாதமாகக் கண்ணாடியை மாட்டிவிட்டு வண்ணார்பேட்டைக்குக் கூட்டிப் போனான். டாக்டரின் நெற்றியில் அன்றைக்குச் சாம்பலால் சிலுவை போட்டிருந்தது. அவர்களுக்கும் தவக்காலம் பிறந்திருந்தது. விளக்கில் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மருந்து விடலையா?"

"பகல்ல விடல. நோன்பு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

அவள் விளக்கைத் தள்ளிவைத்தாள். "நானும் நோன்புதான் இருக்கேன், வெள்ளிக்கிழமை ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனா உங்க நோன்பைப் பத்தி நான் சொல்லக் கூடாது. உங்க பள்ளிவாசல்ல கேளுங்க. கேட்டுட்டு, என்ன சொல்லுதாவன்னு எனக்கும் சொல்லுங்க. உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் கண்ணைக் காயவிட்டுக்கிட்டு வருதாவ." அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே, "கடவுளுக்குக் காய்ஞ்ச கண்ணை வச்சு என்ன பண்ணணுமாம்?" என்று முணுமுணுத்தாள். நான் அதைக் கேட்காத மாதிரி எழுந்து வந்தேன்.

மகன் நேராகப் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்தைக் கேட்டுவிட்டு வந்தான். கண்ணில் விடுகிற மருந்தால் நோன்பு முறியாது, தொண்டையில் கசந்தாலும் முறியாது, தாராளமாக விடச் சொல்லுங்கள் என்றாராம். "இதை மொதல்லயே கேட்டிருக்கக் கூடாதான்னும் கேட்டாரு உம்மா." அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து மருந்து மறுபடி நாள் முழுக்க. இந்தத் தடவை நாத்தனாரை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, கீழிமையை விரலால் இழுத்து, மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நானே விட்டேன். முதலில் மூக்கில் போனது. அப்புறம் கன்னத்தில். பிறகு கண்ணிலேயே விழுந்தது. இந்த வயசில் ஒரு புதுக் கைவேலை படிந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. டாக்டருக்கும் போன் போட்டு ஹஜ்ரத் சொன்னதைச் சொன்னேன். "அப்ப அந்த நாலு பேருக்கும் சொல்லிருதேன்" என்றாள்.

இருபத்தொன்பதாவது நோன்பு வந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே வீட்டில் பெருநாள் வாடை. நாத்தனார் கறிக்குச் சொல்லி வைத்துவிட்டாள். துபாயில் முப்பது நோன்பு முடிந்து மறுநாள் பெருநாள் என்று போன் வந்துவிட்டது. அங்கே ஒரு நாள் முந்தித்தான் வழக்கம், அதை வைத்து இங்கே எதுவும் சொல்ல முடியாது. மகன் புதுச் சட்டையை மட்டும் எடுத்து இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டியிருந்தான். அந்தச் சட்டையை நான் தைத்திருந்தேன். யா அல்லாஹ், இன்றைக்குப் பிறையைக் காட்டிவிடு என்று மாலை அஸர் தொழுதுவிட்டு வாய்விட்டே கேட்டேன்.

நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு மாடிக்குப் போனோம். சுற்றிலும் எல்லா மாடியிலும் ஆட்கள். பையன்கள் போனை உயர்த்தி வானத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் சுவரோரம் வந்து நின்றாள்.

"மதினி, இந்தத் தடவை ஒத்தையா, ரெட்டையா?"

"பாத்துட்டுச் சொல்லுதேன், நில்லு" என்றேன்.

மேற்கே மலைக்கு மேலே வானம் செம்மண் நிறமாக இருந்தது. நான் பிறை வருகிற இடத்தில் கண்ணை வைத்து நின்றேன். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் போனது. அப்போது மூன்றாவது வீட்டு மாடியிலிருந்து பையன்கள் கத்தினார்கள்.

"அந்தா! அந்தா தெரியுதுலே!"

திரும்பினேன். எனக்கும் தெரிந்தது. வெள்ளையாக, மெல்லிசாக, வளைந்து, மினுங்கிக்கொண்டு. இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் இடதுபக்கம். நாத்தனார் மாடியில் பிள்ளைகள் "பெருநாள், பெருநாள்" என்று குதித்தார்கள். ஒரு பையன் பள்ளிவாசலுக்கு ஓடப் படி வரைக்கும் போய், நின்று, எங்கள் மாடியைப் பார்த்தான்.

"மாமி, பாத்தியளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. "மதினி, நீங்க ஆமான்னா நானும் ஆமாங்கேன். எனக்கும் அங்கன ஏதோ தெரியுது" என்றாள். பக்கத்தில் மகன் நின்றான். அவன் வானத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தான்.

ஆமாம் என்று சொல்ல வாய் எவ்வளவு தவித்தது என்று எனக்குத்தான் தெரியும். நானும் பார்த்தேன்தானே? பொய்யா சொல்லப் போகிறேன்? ஆனால் பார்த்தது கலங்கலாக இருந்தது. கண்ணை இறுக்கி மூடினேன், பையத் திறந்தேன். அந்த வளைவு ஆடியது, ஓரம் கரைந்து மறுபடி சேர்ந்தது. இது ஈரம் படுத்துகிற பாடு. இடுப்பில் செருகியிருந்த குப்பியை எடுத்து, முனையைத் திருகி, விட்டத்துக்குப் பதிலாக வானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு கண்ணிலும் விட்டேன். ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

"பிறை பாக்க வந்துட்டு வைத்தியம் பாக்கீய" என்று யாரோ கத்தினார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. தொண்டையில் மெல்லக் கசந்தது. திறந்தேன்.

இப்போது எல்லாம் துல்லியமாக இருந்தது. பனைமரத்து ஓலை தனித்தனியாகத் தெரிந்தது. கோபுரத்து விளக்கு ஒன்றாகத்தான் இருந்தது. அந்த வெள்ளை வளைவும் தெரிந்தது. ஆனால் அது கவிழ்ந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் இந்த மாசத்துத் தலைப்பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும், இரண்டு முனையும் மேலே பார்க்கும். இது குடை மாதிரிக் குப்புறக் கிடந்தது. அதன் ஒரு முனை பஞ்சாகப் பிரிந்துகொண்டிருந்தது. எங்கோ உயரத்தில் விமானம் போன தடம். அதன் கடைசித் துண்டில் வெயில் மிச்சம் பட்டு மினுங்கியது.

"பிறை இல்ல" என்றேன்.

குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள்.

"நல்லாப் பாருங்க மதினி" என்றாள் நாத்தனார். அவளுக்கு என் மகனின் டிக்கெட் தெரியும்.

"நல்லாப் பாத்துட்டேன். அது பிளேன் போன தடம். பிறை கவுந்து கிடக்காது. கொஞ்சம் பொறுங்க, அதுவா கலைஞ்சிரும்."

பொறுத்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளை நீண்டு, இரண்டாக அறுந்து, காற்றில் தேய்ந்து காணாமல் போனது. படியில் நின்ற பையன் திரும்பி மேலே வந்தான். பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. நாங்கள் இருட்டுகிற வரைக்கும் நின்று பார்த்தோம். வேறு எதுவும் வரவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், எங்கும் பிறை தென்படாததால் நாளையும் நோன்பு என்று அறிவித்தார்கள்.

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பிள்ளையின் பெருநாளை நானே என் வாயால் தள்ளிவிட்டேன், அந்த வேதனை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை வருஷம் ஆமாம் ஆமாம் என்று கை நீட்டியதில் வராத பெருமை, அந்த இல்லை என்ற வார்த்தையில் எனக்கு வந்தது. அதையும் மறைக்க மாட்டேன். கீழே இறங்கும்போது படிக்கட்டில் முதுகு நிமிர்ந்துதான் இறங்கினேன்.

மகன் கொடியில் கிடந்த சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"வருத்தமாலே?"

"வருத்தம் இல்லாம இருக்குமா?" என்றான். "ஆனா நீங்க மருந்து விட்டுட்டுப் பாத்தீங்க பாருங்க, அதை வீடியோ எடுத்து வச்சிருக்கேன். அங்க போய் அவகிட்டக் காட்டணும்." அவள் என்றது என் மருமகளை.

மறுநாள் மாலையில் பிறை பளிச்சென்று வந்து நின்றது. அதைக் காட்ட ஒருத்தரும் தேவைப்படவில்லை. கைப்பிள்ளைகூடப் பார்த்துவிடும். கார் வாசலில் நின்றது. மதியமே ஆக்கி வைத்த பிரியாணியை, நோன்பு திறந்த சூட்டோடு அவனுக்கு ஊட்டாத குறையாக வைத்தேன். நின்றுகொண்டே தின்றான். நாத்தனார் ஒரு பொட்டலம் அல்வாவைக் கையில் திணித்தாள்.

காரை ஓட்டுவது அவனோடு படித்தவன், எங்கள் தெருப் பையன்தான். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டே, நான் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரியாமல் கேட்டான். "ஏலே, நேத்து உங்க உம்மா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ இன்னைக்குப் பெருநாள் முடிச்சுட்டுல்லா வந்திருப்ப?"

என் மகன் சொன்னான்: "எங்க உம்மா இல்லைன்னா இல்லைதாம்லே. அந்தக் கண்ணைப் பாக்கத்தானே நான் லீவு போட்டு வந்தேன்."

நான் வெளியே வந்தேன். அவன் என் கையைப் பிடித்து முத்தமிட்டு ஸலாம் சொன்னான். "மருந்தை விடாதீங்க உம்மா" என்றான். கார் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் நின்றேன். அதன் பின்விளக்கு இரண்டும் தெளிவாக இரண்டாகவே தெரிந்தன. அப்புறம் கலங்கின. கண்ணை மூடித் திறந்தேன். மாறவில்லை. கன்னம் இரண்டும் நனைந்துவிட்டது.

நாத்தனார் பக்கத்தில் வந்து என் இடுப்பில் இருந்த குப்பியைத் தேடினாள். "காயுதா மதினி? மருந்து விடட்டா?"

"வேண்டாம்ட்டி" என்றேன். "இது அழுகை."